ஏற்காட்டிலிருந்து ஓடி இறங்கினேன், இரண்டு நாளாகப் படி இறங்க முடியவில்லை. என்ன செய்வது?

தம்பி, மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு விடியற்காலை நீங்களும் நண்பரும் ஏற்காடு போயிருக்கிறீர்கள். அவர் அடிவாரத்திலிருந்து நடந்தே ஏறி, பஸ்ஸில் இறங்கினார். நீங்கள் பஸ்ஸில் ஏறிப்போய், மேலிருந்து அடிவாரம் வரை ஓடி இறங்கினீர்கள். ஏறியவருக்கு நாக்குத் தள்ளிப்போனது. உங்களுக்கு மூச்சுகூடப் பெரிதாக வாங்கவில்லை. ஆனால் திங்கள் காலை எழுந்தபோது அவர் சாதாரணமாக வேலைக்குப் போய்விட்டார், உங்களுக்குத் தொடை கல்லாக இருந்தது. இன்று செவ்வாய். மாடிப்படி இறங்கக் கைப்பிடிச் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது, கழிப்பறையில் குத்தவைத்து உட்கார முடியவில்லை. இது லாக்டிக் அமிலமா, தசை கிழிந்துவிட்டதா, மாத்திரை போடலாமா, அடுத்த ஞாயிறு மறுபடி ஓடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் சேலத்தில் கோரிமேடு பக்கம் பிசியோதெரபி பார்ப்பவன். மலை ஏறி இறங்கிவிட்டு இதே கால்களோடு திங்கள், செவ்வாயில் வருகிறவர்களைப் பல வருடமாகப் பார்க்கிறேன். உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. மூச்சு வாங்கியது அவருக்கு, வலி உங்களுக்கு. ஏன்?

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். நாற்காலி முன்னால் நின்று, கையை ஊன்றாமல், ஐந்து எண்ணும் வரை மெதுவாக உட்காருங்கள். முன் தொடையில் கை வைத்துக்கொள்ளுங்கள். உட்காரும்போது அந்தச் சதை இறுகுகிறது, அதே சமயம் நீண்டுகொண்டும் போகிறது. உடம்பு தொப்பென்று விழாமல் அது பிரேக் பிடிக்கிறது. எழுந்திருக்கும்போதும் இறுகுகிறது, ஆனால் அப்போது சுருங்குகிறது. இந்த இரண்டும் ஒன்றல்ல. சுருங்கிக்கொண்டே வேலை செய்வது தசைக்குப் பழகிய வேலை. இழுபட்டுக்கொண்டே பாரம் தாங்குவதுதான் அதை அடித்துப்போடுகிறது. அப்படித் தாங்கும்போது அதே எடைக்குக் குறைந்த இழைகளே வேலையில் இறங்குகின்றன. ஒவ்வோர் இழையின் தலையிலும் கூடுதல் சுமை விழுகிறது.

மலை ஏறுவது முழுக்க எழுந்திருக்கும் வேலை, இறங்குவது முழுக்க உட்காரும் வேலை. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டரில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1500 மீட்டரில். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் சேர்த்து நீங்கள் ஓடியது ஏறக்குறைய 20 கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு ஆயிரம் காலடி என்று குறைத்தே வைத்தாலும் இருபதாயிரம் தடவை கால் தரையில் விழுந்திருக்கிறது. ஓடும்போது ஒவ்வொரு தடவையும் உடம்பு எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு விசை காலுக்கு வரும். இரண்டு தொடையும் சேர்ந்து இருபதாயிரம் தடவை பிரேக் பிடித்திருக்கின்றன, தம்பி. லாரிக்காரர்கள் மலைப்பாதையில் பிரேக் சூடாகிவிடும் என்று பயந்து கியரைக் குறைத்து இறங்குவார்கள். நீங்கள் டாப் கியரில் இறங்கியிருக்கிறீர்கள்.

லாக்டிக் அமிலம் விஷயத்துக்கு வருகிறேன். ஜிம்மில் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள், பள்ளியில்கூட அப்படிச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் கடுமையாக ஓடியபின் ரத்தத்தில் ஏறும் லாக்டிக் அமிலம் ஒரு மணி நேரத்துக்குள் ஏறக்குறையப் பழைய அளவுக்கு இறங்கிவிடும். அடுத்த நாள் காலை வலிப்பதற்கு அது எப்படிப் பொறுப்பாகும்? 1983இல் அமெரிக்காவில் உங்கள் இருவர் கதையைப் போலவே ஒரு சோதனை நடந்தது. ஓடும் இயந்திரத்தில் 45 நிமிடம் சமதளத்திலும், 45 நிமிடம் 10 சதவீத இறக்கத்திலும் ஓடவைத்து ரத்தத்தை அளந்து பார்த்தார்கள். சமதளத்தில் ஓடியபோது லாக்டிக் அமிலம் நன்றாக ஏறியது, பின்னால் வலி பெரிதாக இல்லை. இறக்கத்தில் ஓடியபோது அமிலம் ஏறவில்லை, வலிதான் வந்தது. அதற்கும் முன்னால், 1902இலேயே தியோடர் ஹஃப் என்பவர் விரல் தசைகளை வைத்துச் சோதித்து, மறுநாள் வரும் இந்த வலிக்குத் தசைக்குள் ஏற்படும் சிறு சிதைவுதான் காரணம் என்று எழுதிவிட்டார். 120 வருடத்துக்கு மேல் ஆகியும் லாக்டிக் அமிலக் கதை ஓயவில்லை.

அப்படியானால் தசை கிழிந்துவிட்டதா? நீங்கள் பயப்படுகிற மாதிரி இல்லை. கிழிந்த தசை அந்த நொடியே தெரியும். ஓடிக்கொண்டிருக்கும்போதே பின் தொடையிலோ கெண்டைக்காலிலோ யாரோ கல்லால் அடித்த மாதிரி சுரீரென்று வரும், அதற்கு மேல் ஓடவே முடியாது, ஒரு விரலை வைத்து இந்த இடம் என்று காட்டலாம். உங்களுக்கு வந்திருப்பது வேறு. நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரிகிற அளவில், தசை இழைக்குள் வரிசையாக அடுக்கியிருக்கும் மிகச் சிறிய கட்டமைப்புகள் அங்கங்கே குலைந்திருக்கின்றன. உடம்பு அதைப் பழுது பார்க்கத் தொடங்குகிறது. நீர் கோக்கிறது, லேசான அழற்சி வருகிறது, அங்குள்ள நரம்பு முனைகள் சும்மா தொட்டாலே வலிக்கும்படி கூர்மையாகிவிடுகின்றன. இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். அதனால்தான் ஞாயிறு மாலை நீங்கள் சந்தோஷமாகத் தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போனீர்கள், திங்கள் காலைதான் தெரிந்தது. பொதுவாக 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய், ஐந்து முதல் ஏழு நாளில் போய்விடும். நீங்கள் இப்போது உச்சத்தில் இருக்கிறீர்கள். புதன், வியாழன் தாண்டினால் தெளியும்.

மற்றதெல்லாம் பேசுவதற்கு முன் ஒன்று கேட்கிறேன். சிறுநீர் என்ன நிறத்தில் போகிறது?

இதை நான் யாரிடமும் கேட்காமல் விடுவதில்லை. சில வருடங்களுக்கு முன் பதினான்கு வயதுப் பையன் ஒருவனை அவனுடைய அம்மா கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். பள்ளியில் தண்டனையாக இருநூறுக்கு மேல் தோப்புக்கரணம் போட்டிருக்கிறான். இரண்டு நாள் கழித்தும் தொடை வீங்கிப் பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. தொட்டால் அலறினான். சதைப்பிடிப்பு, தைலம் போட்டு நீவி விடுங்கள் என்றார் அம்மா. சிறுநீர் எப்படிப் போகிறது என்று கேட்டேன். பையன் தலையைக் குனிந்துகொண்டு, "வரக்காப்பி மாதிரி போகுதுங்க" என்றான். நான் கை வைக்கவில்லை. நேராக ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டேன். தசை அளவுக்கு மீறிச் சிதைந்தால் அதிலிருந்து ரத்தத்தில் கலக்கும் பொருட்கள் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அங்கே தசைச் சிதைவைக் காட்டும் சி.கே. என்ற ரத்தப் பரிசோதனை செய்து, ஐந்து நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டான். தோப்புக்கரணத்திலும் ஒவ்வொரு தடவையும் அந்த உட்காரும் வேலை இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பழக்கமே இல்லாத பிள்ளையை எண்ணிக்கை வைத்துப் போடச் சொல்லும் ஆசிரியர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு இன்றும் மனது அடித்துக்கொள்கிறது.

ஆகவே சிறுநீர் வரக்காப்பி நிறத்திலோ கோலா நிறத்திலோ போனாலும், மிகவும் குறைந்துபோனாலும், தொடை வீங்கி இறுகிக்கொண்டே போனாலும் இதற்கு மேல் படிக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாகச் சிவந்திருந்தால் அதுவும் வேறு சங்கதி, ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம், உடனே பார்க்க வேண்டும். எலும்பின் மேல் ஒரே புள்ளியில் வலித்தாலும், ஒரு வாரம் கழித்தும் வலி குறையாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். கொலஸ்டிராலுக்கு மாத்திரை சாப்பிடும் பெரியவர்களுக்குச் சில சமயம் மாத்திரையாலேயே தசை வலி வரும். அவர்கள் "நடந்தது ஒத்துக்கொள்ளவில்லை" என்று தாங்களே முடிவு கட்டாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் இல்லை, இரண்டு தொடையும் ஒரே மாதிரி வலிக்கிறது, சிறுநீர் வழக்கம்போல் இருக்கிறது என்றால் நிம்மதியாக இருங்கள். இது தானாகவே ஆறும். நாம் செய்வதெல்லாம் அது ஆறும்வரை வலியைக் குறைத்துக்கொள்வதுதான்.

முதல் மருந்து மெதுவாக நடப்பது. வலிக்கிறதே என்று கட்டிலிலேயே கிடந்தால் எழும்போது இன்னும் விறைத்துப்போய் வலிக்கும். காலையில் முதல் பத்து அடி கஷ்டமாக இருக்கும், பிறகு கால் கொஞ்சம் இளகும், கவனித்திருப்பீர்கள். அதைத்தான் நாம் பயன்படுத்திக்கொள்கிறோம். காந்தி ஸ்டேடியத்திலோ உங்கள் தெருவிலோ சமதளமாகப் பார்த்து இருபது நிமிடம், காலையும் மாலையும். பேசிக்கொண்டே நடக்கிற வேகம் போதும். சைக்கிள் இருந்தால் இன்னும் நல்லது, மிதிப்பதில் அந்தப் பிரேக் வேலை கிடையாது. நடந்த பிறகு வலி குறைவது சில மணி நேரத்துக்குத்தான், தசை அதனால் சீக்கிரம் ஆறிவிடாது. இருந்தாலும் அந்தச் சில மணி நேரம் மனிதனாக நடமாடலாம் இல்லையா?

அப்புறம் நீவி விடுவது. இதில் நம் பாட்டிமார்கள் சரியாகத்தான் செய்தார்கள். தசை வலிக்கு எது நன்றாகக் கேட்கிறது என்று 99 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018 தொகுப்பு ஒன்றில் மசாஜ்தான் முதலிடத்தில் வந்தது. நல்லெண்ணெயைக் கை பொறுக்கும் சூட்டில் எடுத்துக்கொண்டு, முழங்காலிலிருந்து இடுப்பை நோக்கி, உள்ளங்கையை அகலமாக வைத்து மெதுவாக நீவுங்கள். ஒரு தொடைக்குப் பத்து நிமிடம். வேதனை தரும் அளவுக்கு அழுத்தக் கூடாது. தைலம் இருந்தால் தேய்க்கலாம், அதன் எரிச்சல் வலியைச் சற்று மறக்கடிக்கும். ஆனால் சுளுக்கு எடுப்பவரிடம் போய் மிதிக்கவோ முறுக்கவோ விடாதீர்கள். இது சுளுக்கே இல்லை. ஏற்கெனவே நைந்திருக்கும் சதையை இன்னொரு தடவை நசுக்குவது என்ன வைத்தியம்?

வெந்நீரா, ஐஸா என்று எல்லாரும் கேட்பார்கள். எது சுகமாக இருக்கிறதோ அது. ஓட்டக்காரர்கள் 10 முதல் 15 டிகிரி குளிர்ந்த நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் இடுப்பளவு உட்காருவார்கள். வலி ஓரளவு குறையத்தான் செய்கிறது. சேலத்து வெயிலில் மேல்தொட்டித் தண்ணீரை வைத்துக்கொண்டு அந்த அளவு குளிர்ச்சிக்கு எத்தனை ஐஸ் கட்டி வாங்குவது? ஜிம்மில் எடை தூக்கித் தசை வளர்ப்பவர்கள் ஒவ்வொரு முறையும் குளிர்ந்த நீரில் உட்கார்ந்தால் வளர்ச்சி மட்டுப்படுகிறது என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நொச்சி இலை போட்ட வெந்நீரில் குளித்துவிட்டுப் படுத்தால் நன்றாகத் தூக்கம் வரும், எனக்கு அதுவே பிடிக்கும். வீட்டில் சர்க்கரை நோயாளி யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூடு தெரியாது. ஒத்தடம் கொடுத்துத் தோல் வெந்துபோய் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொருவர் கையால் சூடு பார்த்த பிறகே காலில் வைக்க வேண்டும்.

ஸ்ட்ரெச்சிங் பண்ணாததால்தான் வலி என்று நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். 12 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2011 தொகுப்பின்படி, வலியை நூறு மதிப்பெண்ணுக்கு அளந்தால் ஸ்ட்ரெச்சிங் குறைப்பது அதிகம் போனால் நான்கு மதிப்பெண்தான். செய்யப் பிடித்திருந்தால் லேசாகச் செய்யுங்கள், வலிக்க வலிக்க இழுக்காதீர்கள்.

மாத்திரை பற்றிக் கேட்டீர்கள். தூக்கமே வராத அளவுக்கு வலித்தால் ஒரு பாராசிட்டமால் போதும். மெடிக்கல் கடையில் போய் "உடம்பு வலிக்கு ஒரு செட் கொடுங்க" என்று கேட்டு, மூன்று நிற மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்து வாங்கி வருகிற பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அதில் என்ன இருக்கிறதென்று வாங்குபவருக்குத் தெரியாது. பெரும்பாலும் டைக்ளோஃபினாக் மாதிரி ஒரு மாத்திரை இருக்கும். வியர்த்துக் கொட்டி, உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது அந்த வகை மாத்திரை சிறுநீரகத்துக்குக் கெடுதல். ஓடுவதற்கு முன்னாலேயே "வலி வராமல் இருக்க" என்று போட்டுக்கொண்டு கிளம்புகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

சாப்பாட்டில் நம் ஆட்கள் ஒரு தவறு செய்கிறோம். கால் வலிக்கு ஆட்டுக்கால் சூப், மலையில் விற்கும் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் என்று தேடிப் போகிறோம், ஆனால் அன்றைய காலை உணவு நான்கு இட்லியும் சட்னியும். நான்கு இட்லியில் எட்டு கிராம் புரதம் இருந்தால் பெரிது. பழுது பார்க்கத் தசைக்குப் புரதம் வேண்டும். உடற்பயிற்சி செய்கிறவர் ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் 1.2 முதல் 1.6 கிராம் வரை எடுத்துக்கொள்ளலாம். அறுபது கிலோ எடை என்றால் 72 முதல் 96 கிராம். அந்த நான்கு இட்லியோடு இரண்டு முட்டை சேர்த்தால் பன்னிரண்டு கிராம் கூடும். நூறு கிராம் கொள்ளில் இருபது கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது, வேர்க்கடலையில் இருபத்தைந்து. ஆனால் கொள்ளு ரசமாக வடித்துக் குடித்தால் புரதத்தில் பாதிக்கு மேல் பருப்போடு தங்கிவிடும், அதைக் கடைந்து சாப்பிடுங்கள். தயிர், பால், மீன், கோழி எல்லாம் உங்கள் விருப்பம். முடவாட்டுக்கால் சூப்பைக் குளிரில் மிளகு தூக்கலாகக் குடிக்க எனக்கும் பிடிக்கும். குடியுங்கள், ஆனால் அது புரதத்தின் வேலையைச் செய்யாது. உப்புப் போட்ட நீர்மோரும் எட்டு மணி நேரத் தூக்கமும் அதைவிட முக்கியம்.

ஒரு விஷயம் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. வலி இருக்கும் நாட்களில் தொடையின் பலமும் குறைந்திருக்கும், கால் எங்கே இருக்கிறது என்ற உணர்வும் சற்றுத் தடுமாறும். வலி போன பிறகும் பலம் முழுதாகத் திரும்பக் கூடுதலாகச் சில நாள் ஆகலாம். பைக்கில் பின் பிரேக் வலது காலில்தானே இருக்கிறது? ஐந்து ரோடு நெரிசலில் கால் ஒரு நொடி தாமதித்தால் என்ன ஆகும்? நாளை வரைக்குமாவது பஸ்ஸில் போங்கள்.

இனி நல்ல செய்தி. ஏற்காட்டில் மஞ்சக்குட்டைப் பக்கம் ஒருமுறை காப்பித் தோட்டச் சரிவில் நின்றுகொண்டிருந்தேன். தலையில் சுள்ளிக்கட்டோடு ஓர் அம்மா இறங்கி வந்தார், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நான் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடி ரொம்பச் சின்னது. என் ஓர் எட்டுக்கு அவருக்கு இரண்டு. முழங்கால் ஒருபோதும் நேராகி விறைக்கவில்லை, எப்போதும் கொஞ்சம் மடங்கியே இருந்தது. குதிகாலைக் குத்தாமல் பாதத்தை முழுசாக வைத்தார். "காலு வலிக்காதாம்மா?" என்றேன். "தினமும் எறங்கறதுதானுங்களே" என்றார்.

அவர் சொன்னதைத்தான் ஆய்வாளர்களும் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். ஒரு தடவை இறக்கத்தில் அடிபட்டுப் பழுது பார்க்கப்பட்ட தசை, அடுத்த தடவை அதே வேலைக்கு அவ்வளவு சிதைவதில்லை, அவ்வளவு வலிப்பதும் இல்லை. அந்தப் பாதுகாப்பு பல வாரங்களுக்கு நிற்கும், சிலருக்கு மாதக்கணக்கில்கூட. அதைப் பெற இவ்வளவு வலித்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. கொஞ்சமாக இறங்கியிருந்தாலும் அதில் நல்ல பங்கு கிடைத்திருக்கும். குமரகிரி முருகன் கோயில் படிகளில் ஏறி மெதுவாக இறங்கினாலே போதும். அல்லது கீழிருந்து முதல் மூன்று கொண்டை ஊசி வளைவு வரை நடந்து ஏறி, அங்கிருந்து சின்னச் சின்ன அடியாக ஓடி இறங்குங்கள். அடுத்த வாரம் ஐந்து வளைவு. அதற்கடுத்த வாரம் எட்டு. இப்படிப் போனால் இரண்டு மூன்று மாதத்தில் இருபதையும் இறங்கலாம், திங்கள் காலை வேலைக்கும் போகலாம். பஸ்ஸும் லாரியும் வளைவில் முழு ரோட்டையும் எடுத்துத் திரும்பும் என்பதால், வளைவுகளில் எப்போதும் நடந்தே கடந்து வாருங்கள்.

உங்கள் நண்பரிடமும் சொல்லுங்கள். ஏறியதில் அவருக்கு வேலை வாங்கியது மூச்சுதான், கால் இன்னும் இறக்கத்துக்குப் பழகவில்லை. அவர் ஒரு நாள் "நானும் ஓடி இறங்குகிறேன்" என்று கிளம்பினால், இதே செவ்வாய்க்கிழமை அவருக்கும் வரும்.

வரும் ஞாயிறு ஓட வேண்டாம். ஏற்காடு போக ஆசையாக இருந்தால் ஏறுவதும் இறங்குவதும் பஸ்ஸிலேயே இருக்கட்டும், ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு வாருங்கள். கிளியூர் அருவிப் பக்கம் இறங்காதீர்கள், அந்தச் செங்குத்துப் பாதை இப்போதைய தொடைக்கு ஆகாது. அதற்கடுத்த வாரம், வீட்டு மாடிப்படியில் கைப்பிடிச் சுவரைத் தொடாமல் பத்துப் படி மெதுவாக இறங்கிப் பாருங்கள். தொடையை விரலால் அழுத்தியும் பாருங்கள். இரண்டிலும் வலி இல்லையென்றால் மூன்று வளைவிலிருந்து தொடங்கலாம். வலி மிச்சம் இருந்தால் இன்னும் மூன்று நாள் கழித்து அதே படியில் மறுபடி இறங்கிப் பாருங்கள்.